மென்பவளங்களுக்குத் தீனி ஊட்டுவது எப்படி? சென்னை வீட்டுத் தொட்டிக்கு ஒரு செய்முறை

உப்புநீர்த் தொட்டி வைத்த முதல் மாதத்திலேயே எல்லோருக்கும் ஒரு கேள்வி வரும். மீனுக்குத் தீனி போடுகிறோம், சரி. பக்கத்தில் பூ மாதிரி விரிந்து நிற்கும் பவளத்துக்கு என்ன போடுவது?

அதற்கு முக்கியமான சாப்பாடு வெளிச்சம்தான். நாம் வளர்க்கும் பெரும்பாலான பவளங்களின் சதைக்குள் ஜூசாந்தெல்லா என்ற நுண்பாசி குடியிருக்கிறது. அது ஒளியில் சமைப்பதில் பெரும்பங்கைப் பவளத்துக்கே கொடுத்துவிடுகிறது. நாம் ஊட்டுவது கூடவே கொஞ்சம் நைட்ரஜனும் பாஸ்பரஸும் புரதமும் கிடைக்கத்தான். விளக்கு சரியில்லாத தொட்டியில் எவ்வளவு ஊட்டினாலும் பவளம் தேறாது.

எந்தப் பவளம்?

இங்கே சொல்வதெல்லாம் ஜோவாந்தஸ், மஷ்ரூம், லெதர், ஜீனியா போன்ற, கல் மாதிரிக் கூடு இல்லாத மென்பவளங்களுக்கு. கல் பவளம், கருப்புப் பவளம், தீப் பவளம், கடல் விசிறி எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்து வந்தது என்று யாராவது ஒரு துண்டை நீட்டினால் வாங்காதீர்கள். அது கடலில் இருக்க வேண்டியது. கொளத்தூர் மீன்தொட்டிக் கடைகளுக்குப் போனாலும், எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு, பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீர்

உப்பு அடர்த்தி 1.025, வெப்பம் 25 முதல் 27 டிகிரி. நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம். ஊட்டும் நாளன்று காலையில் இவற்றைச் சோதித்துவிடுங்கள். நைட்ரேட் 10-ஐத் தாண்டியிருந்தால் அந்த வாரம் பவளத்துக்குத் தனியாக எதுவும் வேண்டாம். மீன் தீனியின் மிச்சமே போதும். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டுமே பூஜ்யமாக இருந்து பவளம் வெளுத்துத் தெரிந்தால், அப்போதுதான் ஊட்டுவது உண்மையில் உதவும்.

என்ன தீனி?

நான் அதிகம் நம்புவது அப்போதே பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் இறால் போன்ற சிற்றுயிர்) குஞ்சுகளை. இதற்கு நம் ஊர் வெயில் ஒரு வரம். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் உப்பு, அரை டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை, அடிவரை காற்று போகும் ஒரு ஏர் டியூப். 28 டிகிரியில் ஒரு நாளில் பொரித்துவிடும், ஹீட்டரே தேவையில்லை. காற்றை நிறுத்தி, பாட்டிலின் அடிப்பக்கம் ஒரு டார்ச் வையுங்கள். காலி ஓடுகள் மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி இறங்கும். டியூபால் அவற்றை மட்டும் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். உடம்பில் இருக்கும் மஞ்சள் கரு தீரத் தீர அவற்றின் சத்தும் குறைந்துவிடும்.

பெரிய மஷ்ரூமுக்கு இறால் நல்லது. காசிமேட்டிலிருந்தோ தெரு மீன்காரம்மாவிடமிருந்தோ வாங்கிய பச்சை இறால் ஒன்று போதும். ஓட்டை உரித்து, கடுகு அளவுக்குப் பொடிப்பொடியாக நறுக்கி அலசிக்கொள்ளுங்கள். உப்போ மஞ்சளோ பட்டிருக்கக் கூடாது. உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர்) வாங்கினால் தொட்டித் தண்ணீரில் கரைத்து, டீ வடிகட்டியில் ஊற்றி, இறங்கும் சாற்றைக் கொட்டிவிடுங்கள். அந்தச் சாற்றிலும் கொஞ்சம் பாஸ்பேட் இருக்கும். நீண்ட மின்வெட்டில் உருகி மறுபடி உறைந்த பாக்கெட்டைத் தொட்டிக்குள் போட வேண்டாம்.

ஊட்டும் நேரம்

விளக்கை அணைத்த பிறகு ஊட்டு என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். இரவில் உணர்கொம்பு நீட்டும் பவளங்களுக்கு அது சரி. ஜோவாந்தஸ் இருட்டியதும் மூடிக்கொள்ளும். அதனால் விளக்கு அணையச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு, வெளிச்சம் குறையத் தொடங்கும்போது ஊட்டுகிறேன்.

முதல் பந்தி மீன்களுக்கு. அவை வயிறு நிறைந்தால்தான் பவளத்தின் வாயிலிருந்து பறிக்காது. பிறகு ரிட்டர்ன் பம்பையும் (வடிகட்டிய தண்ணீரை மேலே ஏற்றுவது) ஸ்கிம்மரையும் (நுரையோடு கழிவைப் பிரிப்பது) நிறுத்துங்கள். இல்லாவிட்டால் தீனி நேராகச் சம்ப்புக்குப் போய்விடும் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டியைச் சொல்கிறேன், வாசலில் மெட்ரோ வாட்டர் இறங்கும் சம்ப்பை அல்ல). தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரையும் நிறுத்துங்கள். உடனே போனில் 20 நிமிட அலாரம் வைத்துவிடுங்கள். பம்பை மறந்துபோவது தீனியைவிடப் பெரிய ஆபத்து.

ஊசி இல்லாத சிரிஞ்சில் ஏர் டியூப் துண்டைச் செருகி, தொட்டித் தண்ணீரோடு தீனியை உறிஞ்சுங்கள். முதலில் ஒரு சொட்டு மட்டும் பவளத்தின் மேல் விடுங்கள். வாசனை போய்ச் சேரட்டும். ஒரு நிமிடம் கழித்து, இரண்டு விரல் தள்ளி வைத்து மெதுவாக அழுத்துங்கள். வேகமாக அடித்தால் சுருங்கிவிடும். ஒரு ஜோவாந்தஸ் கூட்டத்துக்கு ஒன்றிரண்டு மில்லி தாராளம்.

மஷ்ரூம் சாப்பிடுவதைப் பொறுமையாகப் பாருங்கள். நடுவில் இறால் துணுக்கு விழுந்ததும் ஓரங்கள் மெல்ல எழும்பி, பாட்டியின் சுருக்குப்பை மாதிரி மூடிக்கொள்ளும். பத்து நிமிடம்கூட ஆகும். இதைப் பார்க்கவே என் வீட்டில் தொட்டி முன்னால் கூட்டம் கூடிவிடும். துணுக்கு பெரிதாக இருந்தால் சில மணி நேரம் கழித்துத் துப்பிவிடும், அடுத்த முறை சிறிதாக்குங்கள். தொட்டியில் வளரும் கிளீனர் ஷ்ரிம்ப் என்ற இறால் வந்து பிடுங்கினால், பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டிப் பவளத்தின் மேல் குடை போலக் கவிழ்த்து, வாய் வழியாக ஊட்டலாம்.

ஜீனியாவுக்கு எதுவும் ஊட்ட வேண்டாம், தண்ணீரில் கரைந்திருப்பதே அதற்குப் போதும். லெதர் சில நாள் சுருங்கி, மேலே மெழுகு மாதிரி பளபளத்தால் பசி என்று நினைக்காதீர்கள். அது தோல் உரிக்கிறது. நல்ல நீரோட்டம் கொடுத்தால் தானே உரித்துக்கொண்டு விரியும்.

ஜோவாந்தஸ், அதன் உறவான பாலிதோவா சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அவை ஒட்டிய கல்லைக் கொதிக்க வைக்கவோ வெந்நீரில் தேய்க்கவோ கூடாது.

கத்திரி வெயிலில்

வாரம் இரண்டு முறை என்பது என் கணக்கு. மே மாதத்தில் அதை ஒன்றாக்கிவிடுவேன். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத தொட்டி அப்போது 30 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. இரவில் பாசியும் ஆக்சிஜன் தருவதை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் மிச்சத் தீனி அழுகினால் இருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். என் முதல் கோடையில், தாராளமாக ஊட்டிய ஓர் இரவு நாலு மணி நேரம் கரண்ட் போனது. காலையில் தண்ணீர் பால் போல இருந்தது, ஜீனியா முழுவதும் கரைந்திருந்தது. அன்றிலிருந்து பேட்டரி ஏர் பம்ப் இல்லாமல் இருப்பதில்லை. மின்வெட்டு அறிவித்த நாளில் ஊட்டுவதும் இல்லை.

ஊட்டிய பிறகு

அலாரம் அடித்ததும் வேவ்மேக்கர், ரிட்டர்ன் பம்ப் இரண்டையும் போடுங்கள். ஸ்கிம்மரை இன்னும் அரை மணி நேரம் கழித்துப் போடலாம். உடனே போட்டால் நுரை பொங்கி வழியும். மறுநாள் காலை, விளக்கு எரிவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். கல் இடுக்கில் துணுக்குகள் கிடந்தால் டியூபால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அடுத்த முறை அளவைப் பாதியாக்குங்கள்.