லிஸ்ட்டுக்குள்ள லிஸ்ட் இருந்தா மேப்கார் எப்படி போடுறது

காமன் லிஸ்ப்ங்கிற புரோகிராமிங் மொழிய புதுசா கத்துக்கிறவங்க ((1 2) (3 4)) மாதிரி லிஸ்ட்ல எல்லா நம்பரோடயும் 1 கூட்டணும்னு நேரா மேப்கார் (லிஸ்ட்ல ஒவ்வொரு ஐட்டத்துமேலயும் ஒரு ஃபங்ஷன ஓட்டி புது லிஸ்ட் தர்றது) போடுவாங்க, உடனே டைப் எரர் வரும். ஏன்னா மேப்கார் மேல் லெவல் மட்டும்தான் பாக்கும், அது எடுத்துக் குடுக்கிற முதல் ஐட்டமே (1 2)ங்கிற லிஸ்ட், அதோட போய் 1 கூட்ட முடியுமா?

சரியா ரெண்டே லெவல்னு தெரிஞ்சா வெளி மேப்காருக்கு ஒரு லாம்டா (பேரில்லாத ஃபங்ஷன்) குடுத்து, அந்த லாம்டாக்குள்ள இன்னொரு மேப்கார் போடுங்க, ((2 3) (4 5)) வந்துரும். ஆழம் எவ்ளோன்னு தெரியலன்னா ரிகர்ஷன்தான். கீழ இருக்கிறதுல பேரையெல்லாம் தமிழ்ல எழுதிருக்கேன், டைப் பண்றப்ப வழக்கமான ஸ்பெல்லிங் (defun, mapcar, lambda, if, listp, funcall) போட்டுக்கோங்க:

(டிஃபன் ஆழமேப் (எஃப் லி)
  (மேப்கார் (லாம்டா (எ)
    (இஃப் (லிஸ்ட்பி எ)
        (ஆழமேப் எஃப் எ)
        (ஃபன்கால் எஃப் எ)))
   லி))

ஐட்டம் லிஸ்ட்டா இருந்தா தன்னையே மறுபடி கூப்பிடுது, இல்லன்னா ஃபங்ஷன அதுமேல போடுது, அவ்ளோதான். ஃபன்கால (வேரியபிள்ல இருக்கிற ஃபங்ஷன கூப்பிடுறது) விட்டுடாதீங்க, எஃப் இங்க வேரியபிள், ஸ்கீம்ங்கிற இன்னொரு லிஸ்ப் வகைல நேரா கூப்பிடலாம் ஆனா காமன் லிஸ்ப்ல முடியாது. கூப்பிடும்போது ஃபங்ஷன் பேருக்கு முன்னாடி #' போடணும்.

லிஸ்ட்டான்னு பாக்கிற லிஸ்ட்பிக்கு பதிலா ஆட்டமான்னு (atom, அதாவது ஜோடியா இல்லாத எதுவும்) செக் பண்ணி கிளைய மாத்தி எழுதுறவங்க இருக்காங்க, எனக்கு அது பிடிக்காது, நில் (nil, அதாவது காலி லிஸ்ட்) ஒரே நேரத்துல ஆட்டமும் லிஸ்ட்டும் ஆச்சே, உள்ள ஒரு காலி லிஸ்ட் () வந்தா அதோடயும் 1 கூட்டப் போய் எரர் அடிக்கும். லிஸ்ட்பின்னா காலி லிஸ்ட் காலியாவே திரும்பி வரும்.

அப்ளைங்கிற (apply) ஃபங்ஷன இதோட குழப்பிக்காதீங்க, அது ஒவ்வொரு ஐட்டத்துக்கும் போகாது, (1 2 3)ஐ பிரிச்சு மொத்தமா பிளஸ்கிட்ட குடுத்து 6னு ஒரே பதில் தரும். (1 . 2) மாதிரி டாட் வச்ச ஜோடிக்கு மேல இருக்கிற கோட் செட்டாகாது, அதுக்கு கார் (car, ஜோடியோட முதல் பாதி), குடர் (cdr, ரெண்டாவது பாதி) ரெண்டுலயும் தனித்தனியா இறங்கணும்.