வாங்க முடியவில்லையா, வாங்க மனமில்லையா?

சத்தான உணவு ஏன் அதிகம் விற்பதில்லை என்று பேசும்போது இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் முதல் தவறு. உலகில் 300 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஆரோக்கியமான உணவு கட்டுப்படியாகவில்லை என்று ஐ.நா. அமைப்புகளின் 2020ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. அவர்களிடம் போய் விழிப்புணர்வு வகுப்பு எடுத்து என்ன பயன்?

சரி, விலையைக் குறைத்துவிடலாமே என்பார்கள். விலை குறைந்தால் கையில் காசு மிஞ்சும், உண்மைதான். அது எதற்குப் போகும் என்று நாம் சொல்ல முடியாது. சீனாவில் ராபர்ட் ஜென்சன், நோலன் மில்லர் என்ற ஆய்வாளர்கள் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி, கோதுமைக்கு மானியம் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் ஊட்டச்சத்து கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2011-இல் எழுதினார்கள். மிஞ்சிய காசு ருசியான பண்டங்களுக்குப் போயிருக்கலாம். தினமும் ஒரே சோற்றைத் தின்றவர்கள் அப்படிச் செய்தால் அதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

'காய்கறி விலை அதிகம்' என்று சொல்லுமுன் எந்த அளவில் கணக்கிட்டோம் என்றும் பார்க்க வேண்டும். நீர்ச்சத்து மிகுந்த காய் கலோரிக் கணக்கில் விலை கூடியதாகவும், எடைக் கணக்கில் மலிவாகவும் தெரியும்.

உடலுக்குக் கெடுதலான ஒரு பொருளுக்கு வரி போட்டால், அந்த ஒரு பொருளின் விற்பனையை மட்டும் பார்த்து வெற்றி, தோல்வி என்று அறிவிப்பார்கள். மெக்சிகோவில் 2014-இல் இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு 1 பெசோ வரி வந்தது. முதல் ஆண்டில் அதை வாங்குவது சுமார் 6 சதவீதம் குறைந்தது; கூடவே தண்ணீர் பாட்டில் விற்பனை கூடியது. டென்மார்க்கில் 2011-இல் கொழுப்புக்கு வரி போட்டபோதோ, சிலர் எல்லை தாண்டிப் போய் வாங்கினார்கள். அடுத்த ஆண்டே அந்த வரியைக் கைவிட முடிவெடுத்தார்கள்.

அப்புறம், பக்கத்தில் கடை இல்லாததுதான் காரணம் என்ற நம்பிக்கை. அமெரிக்காவைப் பற்றிய 2019 ஆய்வு ஒன்றின்படி, ஏழைகளுக்கும் பணக்காரர்களுக்கும் ஒரே பொருட்கள் ஒரே விலையில் கிடைத்தாலும், உணவுத் தரத்தில் இருக்கும் இடைவெளி சுமார் 10 சதவீதமே குறையும். மீதி 90 சதவீதம் அவரவர் எதை வாங்க நினைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு 'அக்கறை இல்லாதவர்கள்' என்று முத்திரை குத்துவது இன்னும் பெரிய தவறு. சமைக்க நேரம் வேண்டும், அடுப்புக்கு எரிபொருள் வேண்டும். புதிதாகச் செய்ததைப் பிள்ளை தொடாமல் ஒதுக்கினால் அன்றைய காசு குப்பைக்குப் போகும். கையைக் கடிக்கும் பட்ஜெட்டில் நிச்சயமாகச் சாப்பிட்டு முடிப்பதைத்தான் வாங்குவார்கள்.