முதலில் பிளாக் எங்கே என்று கேளுங்கள்

சோதனை நோயியலில் முனைவர் பட்டம் கிடைத்த அன்று, செம்பூரில் எங்கள் பில்டிங் மாமி ஸ்வீட் பாக்ஸை வாங்கிக்கொண்டே, "இனிமே எங்காத்து பயாப்ஸி ரிப்போர்ட்டெல்லாம் நீயே பார்த்துச் சொல்லிடலாமே" என்றார். முடியாது மாமி. அதில் கையெழுத்துப் போடுபவர் எம்.பி.பி.எஸ். முடித்து, நீட் பிஜி எழுதி, எம்.டி. பேத்தாலஜி படித்தவர். நான் எம்.எஸ்சி. விலங்கியல். அதே திசுவில் நோய் எப்படி உண்டாகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. இந்த ஆராய்ச்சிப் படிப்பில் சேர்வதற்கு முன்பே இதை வீட்டில் விளக்கிவிடுங்கள், பின்னால் தொல்லை குறையும்.

'சோதனை நோயியல்' என்ற பெயரிலேயே படிப்பைத் தேடினால் இங்கே அதிகம் சிக்காது. புற்றுநோய் உயிரியல், உயிர் அறிவியல் போன்ற தலைப்புகளுக்குள் புகுந்து தேட வேண்டும். மும்பைக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கார்கரில் ஆக்ட்ரெக் இருக்கிறது. டாடா மெமோரியல் சென்டரின் ஆராய்ச்சி மையம் அது. பட்டம் தருவது ஹோமி பாபா தேசிய நிறுவனம். செம்பூரில் பன்வேல் லோக்கல் பிடித்தால் வண்டி மாறாமல் போகலாம்.

நுழைவுக்கு, சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வு எழுதிப் பெறும் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கையில் இருந்தால் பல கதவுகள் திறக்கும். 2023 ஜனவரியிலிருந்து உதவித்தொகை மாதத்துக்கு 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. அந்தத் தேர்வின் உயிர் அறிவியல் தாளில் மொத்தம் 200 மதிப்பெண்; அதில் பாதி சி பகுதிக்கு. அங்கே 75 கேள்விகளில் 25-க்கு விடை எழுதினால் போதும், ஆகவே எல்லாப் பாடத்தையும் அரைகுறையாகப் படிப்பதை விட நாலைந்தை ஆழமாகப் படியுங்கள்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. எல்லோரும் கைடிடம் தலைப்பு என்ன என்று கேட்பார்கள். நீங்கள் திசு எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். பாரஃபின் பிளாக்குகள் (திசுவை மெழுகில் பதித்த கட்டிகள்) ஏற்கெனவே இருக்கின்றனவா, இனிமேல்தான் சேகரிக்க வேண்டுமா? நோயாளியின் திசுவுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்துவிட்டதா? எலி என்றால் விலங்கு நெறிமுறைக் குழு தனி. அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்களும் உங்கள் ஃபெலோஷிப் காலத்தில்தான் கழியும்.

இதை நான் கேட்கவில்லை. எந்த லேப் என்பது வேண்டாம். சனிக்கிழமை மத்தியானம் அறுவைச் சிகிச்சையில் எடுத்த திசு சலைனிலேயே, அதாவது வெறும் உப்புநீரிலேயே கிடக்கும். திங்கள் காலை நான் போய், திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போடுவேன். அதற்குள் செல்கள் தாமாகவே சிதையத் தொடங்கியிருக்கும். அது தெரியாமல் ஸ்லைடில் பழுப்பு நிறம் ஏறாததற்கு, தேடும் புரதத்தில் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்க வேண்டிய ஆன்டிபாடியை மூன்று மாதம் திட்டிக்கொண்டிருந்தேன். பதினொரு சாம்பிள் போச்சு. மார்பகப் புற்றுநோய்த் திசு என்றால், எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினுக்குப் போக வேண்டும், 6 முதல் 72 மணி நேரம் அதில் இருக்க வேண்டும் என்று ஹார்மோன் ஏற்பிச் சோதனைக்கு வழிகாட்டு விதியே இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து திசுவைத் தூக்கி வருபவர் யார், லீவு நாளில் யார் என்பதைச் சீனியர்களிடம் கேளுங்கள். கைடு முன்னால் கேட்காதீர்கள், கேன்டீனில் கேளுங்கள்.

அப்புறம், சேர்ந்த முதல் வாரமே ஹிஸ்டாலஜி டெக்னீஷியனோடு உட்கார்ந்துவிடுங்கள். பிளாக்கை 4 மைக்ரான் தடிமனில் சீவி, செக்‌ஷன்கள் (மெல்லிய சீவல்கள்) சுருளாமல், கிழியாமல் ஒன்றோடொன்று ஒட்டி வரும் ரிப்பனாக எடுக்கப் புத்தகம் உதவாது. ஜூலை மழையில் ஏசி நின்றுபோய், மெழுகு இளகி, என் செக்‌ஷன் எல்லாம் கசங்கி வந்த நாளில், கேன்டீனிலிருந்து ஐஸ் வாங்கி வந்து பிளாக்கை அதன் மேல் கவிழ்த்து வைத்து, "அஞ்சு நிமிஷம் பொறும்மா, இப்ப வெட்டு" என்றார் எங்கள் டெக்னீஷியன் அண்ணன். வழுக்கிக்கொண்டு வந்தது ரிப்பன்.