டைவ் கம்ப்யூட்டருக்கு பேட்டரி மாற்றப் போகிறீர்களா?

மண்டபம், பாம்பன் பக்கம் டைவிங் போகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது: டைவ் கம்ப்யூட்டருக்கு (கடலடியில் ஆழத்தையும் நேரத்தையும் காட்டும், கையில் கட்டும் கருவி) போடும் பேட்டரி அந்தக் கருவியின் கம்பெனியுடையதாகத்தான் இருக்கணுமா? வேண்டாம், மேனுவலில் போட்டிருக்கும் அதே எண்ணில் பானசோனிக், மேக்செல் மாதிரி நல்ல பிராண்ட் கிடைத்தால் போதும். எண் மட்டும் மாறக் கூடாது. சிஆர்2430, சிஆர்2450 இரண்டுமே 3 வோல்ட்தான், ஆனால் முன்னது 3 மி.மீ. கனம், பின்னது 5 மி.மீ.

ஓ-ரிங் (பேட்டரி மூடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) விஷயம் வேறு. அதை அந்த மாடலுக்கென்று வரும் ஒரிஜினலாகவே வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைப்பது பார்க்க அப்படியே இருக்கும், கொஞ்சம் மெல்லிசாக இருந்தாலும் உப்புத்தண்ணீர் உள்ளே போய்விடும். 10 மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. நான் ஒருமுறை பழைய ரிங்கையே திருப்பிப் போட்டு இறங்கினேன், மறுநாள் திறந்தால் பேட்டரி தொடும் தகடு முழுக்கப் பச்சை பூத்திருந்தது, மனசே விட்டுப்போச்சு.

படகிலோ மணலிலோ திறக்காதீர்கள், வீட்டில் வெளிச்சத்தில் திறங்கள். ரிங்கை ஊசியால் நெம்பாமல் பல்குத்தும் குச்சியால் எடுங்கள். ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் ஒழுகும். சிலிகான் கிரீஸ் மெல்லிசாகத் தடவி மூடியபிறகு, நல்ல தண்ணீர் வாளியில் அரைமணி நேரம் போட்டுவைத்து, கண்ணாடிக்குள் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் கடலுக்குப் போகலாம்.