ரோம்: கிழமையும் மணியும் பார்க்காமல் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ரோம் நகரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டால், பெரும்பாலும் மூன்றுதான் தேறும்: கூட்டம், வரிசை, பூட்டிய கதவு. மூன்றும் உண்மை. ஆனால் எந்தக் கூட்டம் எப்போது சேரும், எந்தக் கதவு எப்போது பூட்டப்படும் என்பதெல்லாம் அந்த நகரத்தில் ஏறத்தாழ நிலையான கணக்கு. எந்தெந்த இடங்களைப் பார்ப்பது என்று மாதக்கணக்கில் பட்டியல் போடுகிறவர்கள்கூட, அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் கிழமையையும் மணியையும் எழுதிக்கொள்வதில்லை. அங்கே நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த விடுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

கிழமையிலிருந்து தொடங்கலாம். வத்திக்கான் அருங்காட்சியகங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் விதிவிலக்கு. அன்று காலையில் இலவசமாகத் திறந்து, நண்பகலைச் சற்றே தாண்டியதும் நுழைவை நிறுத்திவிடுகிறார்கள். பெர்னினியின் சிற்பங்கள் உள்ள போர்கேசே கலைக்கூடம் திங்கட்கிழமை திறப்பதில்லை. மற்ற நாள்களிலும் முன்பதிவு இல்லாமல் உள்ளே விடுவதில்லை, பதிவு செய்தவருக்கும் இரண்டு மணி நேரம்தான். புதன்கிழமை காலையில், திருத்தந்தை ரோமில் இருந்தால், புனித பேதுரு சதுக்கத்தில் மக்களுக்கான பொதுச் சந்திப்பு நடக்கும். அது முடியும்வரை பார்வையாளர்கள் அங்குள்ள புனித பேதுரு பேராலயத்துக்குள் போக முடியாது. ஆக, சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் விடுப்பில் வருகிறவர் வத்திக்கான் அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமையை ஒதுக்குவார். முந்தைய நாள் உள்ளே போக முடியாதவர்கள் அத்தனை பேரும் அதே திங்கட்கிழமை காலையில்தான் வந்து நிற்பார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறன்று கொலோசியம் உள்ளிட்ட அரசுக் காட்சியிடங்களுக்குக் கட்டணம் இல்லை. தெரிந்தே அந்த நாளைத் தேர்ந்தெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. விமானத்துக்கும் விசாவுக்கும் விடுதிக்கும் அவ்வளவு செலவழித்தவர்கள், இருபது யூரோவுக்குள் அடங்கும் கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக அரை நாளை வரிசையில் கரைக்கிறார்கள்.

கொலோசியத்தைப் பொறுத்தவரை முக்கியமான தவறு, நேரில் போய் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பது. அதிகாரப்பூர்வ இணையதளத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே விற்பனை தொடங்கி, நல்ல நேரங்கள் விரைவில் தீர்ந்துவிடுகின்றன. அதைத் தவறவிட்டவர்கள், பார்வைக்கு அதிகாரப்பூர்வத் தளம் போலவே இருக்கும் இடைத்தரகர் தளங்களில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை கொடுக்கிறார்கள். நுழைவுச்சீட்டில் பெயர் அச்சிடப்படும். வாயிலில் அடையாள ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தந்தையின் பெயரை முதலெழுத்தாக வைத்துக்கொண்டு பழகிய நமக்கு இங்கே கொஞ்சம் கவனம் தேவை: பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அப்படியே பதிவு செய்துவிட்டால் வாயிலில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. பெரிய பைகளுக்கும் கண்ணாடிப் புட்டிகளுக்கும் உள்ளே அனுமதி இல்லை என்பதால், விடுதியைக் காலி செய்துவிட்டு மூட்டையோடு நேராக அங்கே போவதும் வீண் முயற்சி.

அதே நுழைவுச்சீட்டில், பண்டைய நகரின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரமும், பேரரசர்களின் அரண்மனைகள் இருந்த பாலட்டைன் குன்றும் அடங்கியிருக்கின்றன. பலர் கொலோசியத்தைப் பார்த்த களைப்பில் இவ்விரண்டையும் விட்டுவிடுகிறார்கள், அல்லது நண்பகல் வெயிலில் அரை மணி நேரத்தில் கடந்து போகிறார்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஃபோரத்தில் ஒதுங்க நிழல் அதிகம் கிடையாது. வெள்ளைக் கல்லில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் எல்லா இடிபாடும் ஒன்று போலவே தெரியும். காலையில் முதல் ஆளாகப் பாலட்டைன் குன்றில் ஏறி, அங்கிருந்து ஃபோரத்துக்கு இறங்கி, அதன்பின் குறித்த நேரத்துக்குக் கொலோசியத்துக்குள் போவதே நல்ல வரிசை என்பது என் கருத்து. மேலிருந்து ஒருமுறை பார்த்துக்கொண்டவருக்கு, கீழே இறங்கியதும் எது தெரு, எது சந்தை, எது கோயில் என்று பிரித்தறிய முடியும். நுழைவுச்சீட்டு வாங்காதவர்களும் மாலை வேளையில் காபிட்டோலைன் குன்றின் பின்புறத்திலிருந்து ஃபோரம் முழுவதையும் காசில்லாமல் பார்க்கலாம்.

ஃபோரத்தில் எதைப் பார்ப்பது என்று தெரியாதவர்களுக்கு இரண்டு இடங்களைச் சொல்வேன். ஒன்று, பேரரசர் அந்தோனினஸ் பயஸுக்கும் அவர் மனைவி ஃபாஸ்தினாவுக்கும் உரிய கோயில். 141ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய அதன் தூண்களுக்குப் பின்னால், பிற்காலத்தில் எழுந்த தேவாலயத்தின் பச்சை நிற வெண்கலக் கதவு தெரியும். அந்தக் கதவுக்குப் படிகள் இல்லை. தரையிலிருந்து பல அடி உயரத்தில், யாரும் எட்ட முடியாதபடி அந்தரத்தில் நிற்கிறது. கதவை வைத்தவர்கள் தவறு செய்யவில்லை. அவர்கள் காலத்தில் தரை அந்த உயரத்தில் இருந்தது. நூற்றாண்டுகளாக மண் மூடி மேடாகிப்போன ஃபோரத்தைப் பின்னால் வந்தவர்கள் தோண்டி இறக்கியபோது கதவு மேலே நின்றுவிட்டது. கையேடு எதுவும் சொல்லாமலேயே இந்த நகரத்தின் வரலாற்றை ஒரே பார்வையில் உணர்த்தும் இடம் அது. கொலோசியத்துக்கு முன்னால் செருப்பு தேய நடந்தவர்களில் எத்தனை பேர் இதை நிமிர்ந்து பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

மற்றொன்று, மாக்செந்தியஸ் மண்டபத்தின் கீழே உள்ள பழைய மிளகுக் கிடங்கு. முதலாம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் தொமிஷியன் கட்டியது. சேர நாட்டு முசிறித் துறையிலிருந்து பொன்னுக்கு மாற்றாகக் கப்பலேறிய மிளகைப் பற்றிப் பள்ளியில் படித்த தமிழருக்கு, அந்த மிளகு போய்ச் சேர்ந்த முனை இது. இதைக் கவனிக்காமல் கடந்துவிட்டு வெளியே ரோமானிய வீரர் போல வாள் ஏந்தி நிற்கும் வேடக்காரரோடு படம் எடுத்துக்கொண்டு வருவது ஒரு குறைதான். அந்த வேடக்காரர் பின்பு கேட்கும் தொகை தனி.

வத்திக்கானில் செய்யும் தவறு வேறு வகையானது. பேராலயத்துக்கும் அருங்காட்சியகங்களுக்கும் ஒரே வாயில் என்று எண்ணிச் சதுக்கத்தில் போய் நிற்பவர்கள் ஏராளம். அருங்காட்சியகங்களின் வாயில் வடக்குப் பக்க மதிலில் இருக்கிறது. சதுக்கத்திலிருந்து மதிலை ஒட்டிக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். பதினோரு மணிக்குப் பதிவு செய்துவிட்டுப் பத்தே முக்காலுக்குச் சதுக்கத்தை அடைந்தவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். பேராலயத்துக்குக் கட்டணம் இல்லை, ஆனால் பாதுகாப்புச் சோதனைக்கான வரிசை முற்பகலில் சதுக்கத்தைச் சுற்றி நீளும். காலை ஏழு, ஏழரைக்குப் போகிறவர்கள் அதிகம் காத்திருப்பதில்லை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்ற விதி ஆண்களுக்கும் பொருந்தும். சேலையோ சுடிதாரோ உடுத்தியவர்களுக்குச் சிக்கல் இல்லை. அரைக்கால் சட்டை அணிந்த கணவர்மார்தான் வாயிலில் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். குவிமாடத்தின் உச்சிக்கு 551 படிகள். மின்தூக்கிக்குப் பணம் கட்டினாலும் 320 படிகள் மிஞ்சும், அவையே குறுகலானவை, சாய்வானவை. முழங்கால் வலி உள்ள பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் சிஸ்டைன் சிற்றாலயத்தை நோக்கி ஓடுகிறார்கள். வழியில் உள்ள, ஓவியர் ரஃபேலின் சுவரோவியங்கள் நிறைந்த அறைகளைத் தலை திருப்பாமல் தாண்டிப் போய், சிற்றாலயத்தின் நடுவில் கழுத்தை வளைத்து நின்று, ஐந்து நிமிடத்தில் வலி தாங்காமல் வெளியேறுகிறார்கள். மிக்கலாஞ்சலோ அந்தக் கூரையை 1508 முதல் 1512 வரை வரைந்தார். பலிபீடச் சுவரில் உள்ள இறுதித் தீர்ப்பை 1536க்கும் 1541க்கும் இடையில் தீட்டினார். இவற்றை நின்றுகொண்டு பார்ப்பது கடினம். இருபுறச் சுவர்களை ஒட்டி உட்காரும் இடம் உண்டு. கூட்டம் நகரும்போது இடம் பிடித்து உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்துப் பார்த்தால் அரை மணி நேரம் போவது தெரியாது. படம் எடுக்கத் தடை இருப்பதும் ஒருவகையில் நன்மைதான்.

இனித் தேவாலயங்கள். ரோமின் பெரும் ஓவியங்கள் பல, கட்டணமே இல்லாமல் சாதாரணத் தேவாலயங்களில் தொங்குகின்றன. ஆனால் புனித பேதுரு உள்ளிட்ட நான்கு பெரும் பேராலயங்கள் போன்ற சிலவற்றைத் தவிர, பெரும்பாலானவை பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு மூடி, மூன்று மணி வாக்கில்தான் மீண்டும் திறக்கின்றன. மதிய உணவுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று திட்டமிடுகிறவர்கள் இரண்டு இடத்திலும் மூடிய கதவைப் பார்ப்பார்கள். நவோனா சதுக்கத்துக்கு அருகில் உள்ள சான் லூயிஜி தேய் ஃபிரான்செசி தேவாலயத்தில், இடப்புறம் கடைசிச் சிற்றாலயத்தில், புனித மத்தேயுவைப் பற்றி கரவாஜ்ஜோ வரைந்த மூன்று ஓவியங்கள் இருக்கின்றன. உள்ளே இருட்டு. பக்கத்தில் உள்ள பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும், சிறிது நேரத்தில் அணைந்துவிடும். சில்லறை இல்லாமல் போகிறவர்கள் வேறு யாராவது போடும்வரை இருட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வெளிச்சம் வந்ததும் இடச்சுவரைப் பாருங்கள்: ஓவியத்துக்குள் வலப்புறத்திலிருந்து விழும் ஒளியும், அதே பக்கத்திலிருந்து நீளும் இயேசுவின் கையும், மேசையில் காசு எண்ணிக்கொண்டிருப்பவர்கள் மீது ஒரே நேரத்தில் வந்து படுகின்றன.

மற்ற இடங்களில் தவிர்க்கச் சொன்ன நண்பகல், பண்டைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கு மட்டும் உகந்த நேரம். 43.3 மீட்டர் விட்டமுள்ள அதன் குவிமாடத்தின் உச்சியில் திறந்த வட்டத் துளை ஒன்றுதான் வெளிச்சத்துக்கு முதன்மையான வழி. அதன் வழியே விழும் சூரிய வட்டம் குளிர்காலத்தில் கூரையிலேயே தங்கிவிடும், கோடையில் தரைக்கு இறங்கும், ஏப்ரல் 21ஐ ஒட்டிய நாள்களில் நண்பகலில் சரியாக வாயிலின் மேல் படும். கோடை மாதங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருப்பதால், சூரியனின் நண்பகல் ஏறத்தாழ ஒரு மணிக்கு என்று கணக்கிட வேண்டும். முன்பு இலவசமாக இருந்த இந்த இடத்துக்கு 2023 ஜூலையிலிருந்து கட்டணம் உண்டு; பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போகிறவர்கள் கவனிக்க.

நடமாட்டத்தில் செய்யும் சிறு தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய நகரின் தெருக்களில் சம்பியெத்ரீனி என்ற கருங்கல் துண்டுகள் பதித்திருக்கிறார்கள். புதுச் செருப்பும் சக்கரப் பெட்டியும் அவற்றில் நெடுந்தூரம் தாங்குவதில்லை. பேருந்துச் சீட்டை வாங்கினால் மட்டும் போதாது, ஏறியதும் இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். இல்லாவிட்டால் சீட்டு கையில் இருந்தும் அபராதம் கட்ட நேரும். வாடகைக் காரில் நகர மையத்துக்குள் போனால் வாகனத் தடைப் பகுதியின் கேமரா பதிவு செய்துகொள்ளும், அபராதக் கடிதம் மாதங்கள் கழித்து வீடு தேடி வரும். தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் எண் பேருந்து பிக்பாக்கெட்டுக்குப் பேர்போனது. ஸ்பானியப் படிகளில் 2019 முதல் உட்காரத் தடை. தண்ணீர்ப் புட்டி வாங்குவதும் தேவையற்ற செலவு: தெருவெங்கும் நசோனி எனப்படும், மூக்கு போன்ற வளைந்த குழாய் கொண்ட வார்ப்பிரும்புத் தூண்களில் குடிநீர் இரவு பகலாக ஓடுகிறது. குனிந்து வாய் வைக்க வேண்டாம். குழாயின் முனையை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துளை வழியாக நீர் வளைந்து எழும்பி வரும்.

உணவிலும் மணிக்கணக்கு உண்டு. நல்ல உணவகங்களின் அடுப்பு மூன்று மணிக்கு அணைந்தால் மீண்டும் ஏழரைக்குத்தான் எரியும். நான்கரை மணிக்குப் பசியோடு அலைகிறவருக்குக் கிடைப்பது, வாசலில் ஆள் நிறுத்தி, படம் போட்ட பட்டியலைக் காட்டிக் கூப்பிடும் கடைதான். காப்பியை முகப்பு மேடையில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. புகழ்பெற்ற சதுக்கங்களில் இந்த வேறுபாடு திடுக்கிட வைக்கும். இறைச்சி உண்ணாதவர்கள் கார்பொனாரா என்ற பாஸ்தாவின் பெயரைப் பார்த்து வெறும் முட்டையும் பாலாடைக்கட்டியும் என்று நினைத்துவிடக் கூடாது, அதில் பன்றி இறைச்சி உண்டு. கச்சோ எ பெப்பே கேட்கலாம்: பாலாடைக்கட்டி, மிளகு, பாஸ்தா, அவ்வளவுதான். பாலாடைக்கட்டியை உறைய வைக்க விலங்கின் இரைப்பைச் சாறு சேர்ப்பது மரபு என்பதால், கண்டிப்பான சைவர்கள் அதையும் தவிர்க்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, ஒவ்வொரு நாளையும் விளிம்புவரை நிரப்பி வைப்பது. கொலோசியத்திலிருந்து சில நிமிட நடையில் சான் கிளெமெந்தே தேவாலயம் இருக்கிறது. அடுத்த முன்பதிவுக்கு ஓடுகிறவர்களால் அங்கே போக முடிவதில்லை. தெருவிலிருந்து நுழைவது பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தேவாலயத்துக்குள். கட்டணம் கட்டிக் கீழே இறங்கினால் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இன்னொரு தேவாலயம். அதற்கும் கீழே ரோமானியர் காலத்துக் கட்டடங்களும், காளையைக் கொல்லும் மித்ரா தெய்வத்தின் பலிபீடமும். இதுவும் மதியம் மூடப்படும் இடம்தான், கீழ்த்தளத்துக்கான கடைசி நுழைவும் முன்கூட்டியே முடிந்துவிடும் என்பதால், காலையில் திறந்ததும் போய்விடுங்கள். அடித்தளத்தின் ஈரச் சுவர்களுக்கு நடுவே நின்று காது கொடுத்தால், எங்கோ பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாமல், தண்ணீர் ஓடும் ஓசை கேட்கும்.