திரையில் தெரிவது பாரா, மீனா?

கடலுக்குள் ஒலியை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைத் திரையில் நிறமாகக் காட்டும் எக்கோ சவுண்டரைப் படகில் பொருத்திய முதல் வருஷம். எதிரொலி பலமாக இருந்தால் நிறம் சிவப்பு. தூத்துக்குடிக்குக் கிழக்கே 20 பாக (சுமார் 37 மீட்டர்) ஆழத்தில் திரையில் சிவப்பாக ஒரு மேடு எழுந்தது. விளமீன் கூட்டம்தான் என்று வலையை இறக்கிவிட்டேன். கிழிந்த வலைதான் மேலே வந்தது. அடியில் இருந்தது மீன் அல்ல, பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு. வலையைச் சரிசெய்ய ஒன்பது நாள் ஆனது. புதிதாகக் கருவி வாங்குகிறவர்களுக்கு அந்த ஒன்பது நாள் மிச்சமாகட்டும்.

முதலில் கெயினை, அதாவது எதிரொலியை எவ்வளவு பெருக்கிக் காட்ட வேண்டும் என்ற அளவை, ஆட்டோவில் விடாமல் கையால் வையுங்கள். தண்ணீர்ப் பகுதியில் லேசாகப் புள்ளி தூவும்வரை ஏற்றிவிட்டு, அப்புறம் கொஞ்சம் இறக்குங்கள்.

சரி, மேடு தெரிகிறது. அதன் அடியைப் பாருங்கள். பார் என்றால் தரைக்கோடே மேலேறி இறங்கும், கீழே வால்போல் நிறம் நீளும். மீன் என்றால் தரைக்கோடு கூட்டத்துக்கு அடியில் தன்பாட்டுக்கு ஓடும். இடையில் நூலளவாவது தண்ணீர் தெரியும். கூட்டத்தின் நடு சிவப்பாகவும் ஓரம் மஞ்சள், பச்சை என்று கலைந்தும் இருக்கும்.

தரையோடு ஒட்டிக் கிடக்கும் மீன்தான் ஏமாற்றும். தரையை ஒட்டிய பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் பாட்டம் லாக் ஜூம் போட்டு, கெயினை மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பெரும்பாலும் மீன்தான் முதலில் வெளிறும். பாரின் சிவப்பு அப்படியே நிற்கும்.

இந்த வேலைக்குக் கருவியின் ஒலி அதிர்வெண்ணில் 200 கிலோஹெர்ட்ஸ்தான் நல்லது. ஒலி கீழே கூம்புபோல் விரிந்து போகும். 20 டிகிரி கூம்பு என்றால் 30 பாகத்தில், அதாவது சுமார் 55 மீட்டரில், ஏறக்குறைய 19 மீட்டர் அகல வட்டத்தைத்தான் அது பார்க்கும். 50 கிலோஹெர்ட்ஸின் கூம்பு பொதுவாக இதைவிட அகலமானது. சரிவான தரையில் மேட்டுப்பக்கத்து எதிரொலி முதலில் வந்துவிடுவதால், பள்ளத்துப் பக்கம் தரையோடு நிற்கும் மீன் அதற்குள் மறைந்துபோகும்.

நிறத்தை வைத்து மட்டும் மீனின் அளவைக் கணக்குப் போடாதீர்கள். எதிரொலியில் பெரும்பங்கு மீனின் காற்றுப்பையிலிருந்து வருகிறது. சாளைக்கு அது உண்டு. சின்ன மீனானாலும் கூட்டம் அடர்த்தியாகத் தெரியும். சூரையில் சில வகைகளுக்குக் காற்றுப்பை கிடையாது. நல்ல கூட்டம்கூட மங்கலாகத்தான் விழும். அதை வெறும் தூசி என்று தாண்டிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

இன்னும் சந்தேகமா? ஜிபிஎஸ்ஸில் குறித்துவிட்டுப் படகைத் திருப்பி அதே இடத்தின்மேல் ஓட்டுங்கள். மேடு அதே இடத்தில், அதே உயரத்தில், தரையோடு சேர்ந்தே நின்றால் வலையைத் தொடாதீர்கள். அது பார்தான். அங்கே கிடக்கும் கலவாய் மீனுக்குத் தூண்டில் போடுங்கள்.