ஆட்டோமேட்டிக் கார்: எந்த கியர்பாக்ஸ் என்று தெரியாமல் செய்யும் தவறுகள்

கிளட்ச் மிதி இல்லாத கார் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பதே முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்து வருபவை. ஷோரூமில் ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் ஏஎம்டி, டார்க் கன்வெர்ட்டர், சிவிடி, டிசிடி என்று நான்கு விதமான கியர்பாக்ஸ்கள் விற்பனையாகின்றன. உங்களுடையது எது என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

2014-ல் மாருதி செலெரியோவோடு இந்தியாவில் பரவத் தொடங்கிய ஏஎம்டி, அடிப்படையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் பிடிப்பதையும் கியர் மாற்றுவதையும் நமக்குப் பதிலாக ஒரு கருவி செய்கிறது, அவ்வளவுதான். கிளட்ச் பிளேட் உள்ளே அப்படியே இருக்கிறது. இது தெரியாமல் மேம்பால ஏற்றத்தில் வண்டிகள் நிற்கும்போது, பலர் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியபடியே காரைப் பிடித்து நிறுத்துகிறார்கள். அவ்வளவு நேரமும் கிளட்ச் பிளேட் உரசித் தேய்கிறது. கருகல் வாடை வந்த பிறகுதான் பலருக்கு விஷயம் புரிகிறது. டிசிடியில் இரண்டு கிளட்ச்கள் உண்டு. அவை எண்ணெயில் மூழ்காத உலர் வகை என்றால் இன்னும் சீக்கிரம் சூடேறும். ஏற்றத்தில் பிரேக்கை மிதித்தே நில்லுங்கள். நெரிசலில் முன்னால் கொஞ்சம் இடம் விழட்டும், அப்புறம் நகருங்கள். பின்னால் ஹாரன் அடித்தாலும் பரவாயில்லை.

டார்க் கன்வெர்ட்டரில் இன்ஜினின் விசை எண்ணெய் வழியாகக் கடத்தப்படுவதால், இந்த விஷயத்தில் அது பொறுமைசாலி. தினமும் நெரிசலிலும் ஏற்றத்திலும் ஓட்டுபவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். விலை கூடுதல், உண்மைதான்.

சிவிடியில் ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தால் இன்ஜின் இரையும், வேகம் மெல்லத்தான் ஏறும். அது கோளாறு இல்லை; இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓடும் பெல்ட்டின் இயல்பு. காலை மெதுவாக அழுத்தினாலே சீராகப் போகும். இதில் நிஜமான தவறு எண்ணெயில் நடக்கிறது. சிவிடிக்கென்று தனி எண்ணெய் உண்டு. வேறு ஆட்டோமேட்டிக்குக்கான எண்ணெயை ஊற்றினால் பெல்ட் வழுக்கி கியர்பாக்ஸே போய்விடலாம்.

மலை இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு விடுவது எல்லா வகைக்கும் ஆபத்து. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை வெறும் பிரேக்கை நம்பி இறங்கினால், அது சூடாகிப் பிடிப்பை இழக்கும். பெட்ரோலும் மிச்சமாகாது. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய இன்ஜின்கள் எரிபொருளையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் சும்மா ஓடுவதற்கும் குடிக்கும். மேனுவல் மோடில் குறைந்த கியரில் இறங்குங்கள்.

சரிவில் நிறுத்தும்போது முதலில் ஹேண்ட்பிரேக், பிறகு கியர் லீவரில் 'பி' (பார்க் நிலை). இல்லையென்றால் காரின் முழு எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சின்னக் கொக்கியில் தொங்கும். பல ஏஎம்டி கார்களில் 'பி'யே கிடையாது. அவற்றை ஹேண்ட்பிரேக் போட்டு, கியரிலேயே விட்டு அணைக்க வேண்டும்.

வழியில் நின்றுபோன சிவிடி அல்லது டார்க் கன்வெர்ட்டர் காரைக் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். இன்ஜின் ஓடாவிட்டால் எண்ணெய் பம்ப்பும் ஓடாது. சக்கரம் சுற்றச் சுற்ற கியர்பாக்ஸின் உள்பாகங்கள் எண்ணெய் இல்லாமல் உரசும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டையான மீட்பு வண்டிதான் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.